ஐந்து ஜெல் பாக்கி

போன சீசன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. அயர்ன்மேன் பந்தயத்துக்குக் கொண்டுபோன பையை இன்னும் முழுசாகக் காலி செய்யவில்லை. ஈரத் துணியை அன்றைக்கே துவைத்தாயிற்று, ஷூவைக் காயவைத்தாயிற்று. சைக்கிளின் மேல் குழாயில் பொருத்துகிற சின்னப் பெட்டி மட்டும் பையின் அடியில் கிடந்தது. போன சனிக்கிழமை அதைத் திறந்தேன். உள்ளே ஐந்து ஜெல், பந்தய நடுவில் பிழிந்து விழுங்குகிற மாவுச்சத்துக் கூழ், பிரிக்காதவை.

அவற்றை மேசையில் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்தாள். "அம்மா, கெட்டுப்போனதை எல்லாம் எதுக்கு அடுக்கி வெச்சிருக்க?"

கெட்டுப்போகவில்லை, இன்னும் பத்து மாதம் தேதி இருக்கிறது என்றேன்.

"அப்புறம் ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?"

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழிலும். இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர்களின் வரவு செலவைச் சரிபார்த்துப் பிழைக்கிறவள் நான். சொந்தக் கணக்கைப் பார்க்க ஏழு வாரம் பிடித்திருக்கிறது.

முழு அயர்ன்மேன் தூரம் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு ஒரு முழு மராத்தான், 42.2 கிலோமீட்டர். வழக்கமாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போன வருடம் நான் எழுதிவைத்த இலக்கு ஒரே ஒரு எண்: 13 மணி நேரம். நீச்சலுக்கு 1:25, இரண்டு டிரான்சிஷனுக்கும் (ஒன்றை முடித்து அடுத்ததற்கு மாறுகிற இடம்) சேர்த்து 15 நிமிடம், சைக்கிளுக்கு 6:50, ஓட்டத்துக்கு 4:30. கூட்டினால் சரியாக 13. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன்.

நடந்தது வேறு. நீச்சல் 1:26. டிரான்சிஷன் 16 நிமிடம். சைக்கிள் 6:28. ஓட்டம் 6:01. மொத்தம் 14:11. இலக்கிலிருந்து 71 நிமிடம் தள்ளி. (கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒட்டாத தொகை ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டோம் என்று சந்தேகிப்போம். 71 வகுபடாது. பார்த்துவிட்டேன்.)

சைக்கிளில் திட்டத்தைவிட 22 நிமிடம் முன்னால் வந்தேன், அதைக் கவனியுங்கள். இரண்டாவது டிரான்சிஷனில் ஷூ மாட்டும்போது எனக்கு இறக்கை முளைத்திருந்தது. இன்றைக்கு என்னை யார் பிடிக்க முடியும் என்று நினைத்தேன், சத்தியமாக. முதல் பத்து கிலோமீட்டரும் அப்படித்தான் போனது. பதினெட்டில் வயிறு இறுகியது. இருபத்திரண்டில் நடக்க ஆரம்பித்தேன். இருபத்தாறாவது கிலோமீட்டரில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஒரு ஜெல்லைப் பிரிக்கப் பார்த்தேன். உறையின் மூலையில் கிழிப்பதற்கென்று ஒரு சின்ன வெட்டு இருக்கும், அது கண்ணுக்குத் தெரிகிறது, விரல் அங்கே போகவில்லை. பல்லால் கடித்தேன், வழுக்கியது. தன்னார்வலராக நின்றிருந்த ஒரு பையன், கல்லூரிப் பிள்ளையாக இருக்கும், வந்து கிழித்துக் கையில் கொடுத்தான். பாதியை விழுங்கினேன். அதுவும் தங்கவில்லை.

மீதி பதினாறு கிலோமீட்டரில் முக்கால்வாசி நடைதான்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: ஓட்டம் வீக், ஓட்டத்தைக் கூட்டு. எங்கள் குழுவில் நன்றாக ஓடுகிற ஒருவர் வாரத்துக்கு ஐந்து நாள் ஓடச் சொல்லி ஒரு அட்டவணையே அனுப்பிவைத்தார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. புது நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் 'மராத்தான் 4:30' என்று மறுபடியும் எழுதியும் விட்டேன்.

அந்த ஐந்து ஜெல்தான் என் கையைப் பிடித்தது.

கணக்கு ஒட்டாதபோது, வித்தியாசம் தெரிகிற பக்கத்தில் பிழை பெரும்பாலும் இருக்காது. கடைசிப் பக்கத்தில் இடிக்கும், பிழை மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு வரியில் உட்கார்ந்திருக்கும். அதனால் நாங்கள் பின்னோக்கிப் படிப்போம். இடிக்கிற இடத்தில் தொடங்கி ஒவ்வொரு பதிவாகப் பின்னால் போவோம். சரி, இதையும் அப்படியே படித்துப் பார்ப்போம் என்று வாட்ச்சிலும், மிதிக்கிற சக்தியை வாட்டில் அளக்கிற பவர் மீட்டரிலும் இருந்த பதிவுகளைத் திறந்தேன்.

முதலில் சாப்பாடு. சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது திட்டம். 6:50-க்கு 410 கிராம். பத்து ஜெல், ஒவ்வொன்றிலும் 25 கிராம், ஆக 250. இரண்டு பாட்டில் பானம், ஒவ்வொன்றிலும் 80, ஆக 160. துல்லியமாக 410. திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி. உள்ளே போனதோ ஐந்து ஜெல்லும் ஒன்றரைப் பாட்டிலும், அதாவது 245 கிராம். மணிக்கு 38. அவ்வளவுதான். ஆறரை மணி நேரம் மிதித்துவிட்டு மராத்தானுக்குப் போகிறவளுக்கு அது காலை நாஷ்டாவுக்குக் காணும்.

தசையிலும் கல்லீரலிலும் நம் உடம்பு சேமித்துவைக்கிற மாவுச்சத்து மொத்தமே ஏறக்குறைய 2000 கலோரிதான், என்னைப் போல சின்ன உடம்புக்காரர்களுக்கு இன்னும் குறைவு. எவ்வளவு வேகமாக மிதிக்கிறோமோ அவ்வளவு வேகமாக அது கரையும். உள்ளே போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று என் வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஏன் சாப்பிடவில்லை? மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிவு அப்படிச் சொல்லவில்லை. ஜெல் எடுக்கும்போதெல்லாம் வாட்ச்சின் லேப் பொத்தானை அழுத்துவது என் வழக்கம். முதல் ஜெல்லுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 70 நிமிட இடைவெளி. அந்த நேரத்தில் நான் மிதித்துக்கொண்டிருந்தது சராசரி 141 வாட்.

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ஒரு மணி நேரம் முழு மூச்சாகத் தாங்கக்கூடிய சக்தியை எஃப்டிபி என்போம். இருபது நிமிடம் முடிந்த மட்டும் மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதம் எடுப்பது நடைமுறை. எனக்கு இருபது நிமிடத்துக்கு 184 வந்தது, அதனால் எஃப்டிபி 175. முழு தூரத்துக்கு என் மாதிரி ஆட்கள் அதில் எழுபது சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. அப்படித்தான் 120 வாட் என்று குறித்திருந்தேன். முதல் 60 கிலோமீட்டர் 141 என்றால் எண்பது சதவீதத்துக்கும் மேல். அந்த அழுத்தத்தில் ரத்தம் காலுக்கும் தோலுக்கும் ஓடும், வயிற்றுக்கு வராது. ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும். நான் மறக்கவில்லை, வேண்டாம் என்று உடம்பு சொன்னது.

அடுத்த 60-ல் 126 வாட், கடைசி 60-ல் 107. சராசரி போட்டால் 125. முடிவுப் பட்டியலைப் பார்க்கிறவருக்கு 'திட்டத்தைவிட ஐந்து வாட்தானே அதிகம்' என்று தோன்றும். சராசரியை நம்பாதே என்று முதல் வேலையிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதில் மனசு நொந்தது எதில் தெரியுமா? சமதளத்தில் நம் சக்தியில் பெரும்பங்கு காற்றைப் பிளக்கவே போகிறது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டவும் சக்தியை நிறையக் கொட்ட வேண்டும். 120-க்குப் பதில் 141 மிதித்தால் சக்தி 17 சதவீதம் கூடுகிறது, வேகமோ 5 சதவீதத்தை ஒட்டித்தான் ஏறும். 6:50 என்பதே கொஞ்சம் தளர்த்திப் போட்ட கணக்கு, அன்றைக்குக் காற்றும் கைகொடுத்தது. கடைசிவரை 120-லேயே போயிருந்தாலும் நான் இறங்கும் நேரம் ஐந்தாறு நிமிடம்தான் தள்ளியிருக்கும். ஐந்தாறு நிமிடத்தை வாங்க ஓட்டத்தில் 91 நிமிடத்தைக் கொடுத்திருக்கிறேன். இந்த வட்டிக்கு எந்தக் கந்துவட்டிக்காரரும் கடன் கொடுக்க மாட்டார்.

சரி, ஏன் 141? தண்ணீரிலிருந்து வந்த பரபரப்பு ஒரு காரணம். கரையேறும்போது இதயத்துடிப்பு 165. சைக்கிளில் ஏறியதும் பக்கத்தில் சர் சர்ரென்று ஆட்கள் கடந்துபோகிறார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அதற்கும் பின்னால் ஒரு பக்கம் இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு முழுக்க ஆயிற்று.

போன சீசனில் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட ரைடு 31. அதில் 26 குழுவோடு. குழுவில் போகும்போது முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் நாம் பேசிக்கொண்டே போவோம். முறை வந்தால் முன்னால் போய் ஐந்து நிமிடம் முட்டிவிட்டு மறுபடி பின்னால். அயர்ன்மேன் பந்தயத்தில் அது நடக்காது. முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. நாள் முழுக்க நம் காற்றை நாமே வாங்க வேண்டும். தனியாகப் போன அந்த ஐந்தில் ஒன்றுகூட நாலு மணி நேரத்தைத் தாண்டவில்லை. 120 வாட்டில் நிற்காமல் போனால் அது எப்படி இருக்கும் என்று என் காலுக்குத் தெரியவே தெரியாது. குழுவில் எனக்குத் தெரிந்த அழுத்தங்கள் இரண்டே இரண்டு: முன்னால் போகும்போது 160, பின்னால் ஒட்டிக்கொள்ளும்போது 90. பந்தயத்தன்று 120-ல் மிதித்துப் பார்த்திருக்கிறேன், 'இது என்ன, சும்மா உருட்டுகிற மாதிரி இருக்கிறதே' என்று தோன்றியிருக்கிறது, ஏற்றிவிட்டேன். சாப்பாடும் அப்படித்தான். குழு எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கி, நின்று, சிரித்துப் பேசிச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறேன். ஓடுகிற வண்டியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விழுங்கிப் பழகவில்லை.

இருபத்தாறாவது கிலோமீட்டரில் வந்த வித்தியாசத்தின் பிழை, பந்தயத்துக்கு ஆறேழு மாதம் முந்தைய ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இருந்தது. ஐந்து நாள் ஓட்ட அட்டவணையை அழித்துவிட்டேன்.

1978-ல் ஹவாயின் ஓஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேனிலேயே இந்தக் கதை இருக்கிறது. பதினைந்து பேர் கிளம்பினார்கள், பன்னிரண்டு பேர் முடித்தார்கள். சைக்கிள் முடிந்து ஓட்டத்துக்குக் கிளம்பும்போது முன்னால் இருந்தவர் ஜான் டன்பார். மராத்தான் நடுவில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், கையிலிருந்த பீரைக் கொடுத்தார்கள். கார்டன் ஹாலர் 11:46:58-ல் ஜெயித்தார். டன்பார் அரை மணி நேரத்துக்கு மேல் பின்னால் வந்து இரண்டாமிடம். அந்த நாளிலிருந்தே தொண்டைக்குள் போவதில்தான் ஓட்டம் நிற்கிறது.

ஆக, இந்த சீசன். முக்கியப் பந்தயத்துக்கு 38 வாரம் இருக்கிறது. நடுவில், 24-வது வாரம், ஒரு பாதித் தூரப் பந்தயம்.

நோட்டில் முதலில் எழுதியது நேரத்தைத்தான். எத்தனை மணி நேரம் பயிற்சி செய்ய முடியும் என்பதை. போன வருடத் திட்டத்தில் வாரத்துக்கு 14 மணி நேரம் என்று இருந்தது. உண்மையில் செய்ததன் சராசரி 9 மணி 20 நிமிடம். மூன்றில் இரண்டு பங்கு. ஒரு நிறுவனம் ஒவ்வொரு மாதமும் மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுகிற பட்ஜெட்டைக் கொண்டுவந்தால் 'இதை யார் போட்டது' என்று கேட்பேன். அதைவிட மோசம், அந்தத் துண்டு எங்கே விழுந்தது என்பது. ஜாலியான குழு ரைடு ஒன்றுகூடத் தவறவில்லை. தவறியதெல்லாம் தனி ரைடு, உடற்பயிற்சிக்கூடம், நீச்சலில் நுட்பத்துக்கென்று வைத்த நாள். அதனால் இந்த வருடம் 10 மணி நேரம் என்றே எழுதியிருக்கிறேன். வேலை நெருக்குகிற மாதங்களில் 8. ஒவ்வொரு நாலாவது வாரமும் 6, அது ஓய்வு வாரம். பெரிய வாரங்கள் ஐந்தே ஐந்து, 13 மணி நேரம், அவற்றுக்கு இப்போதே அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன்.

சைக்கிள்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தனி ரைடு, 120 வாட், தொடக்கம் 3 மணி நேரம், கடைசியில் ஐந்தரை. முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சராசரி 125-ஐத் தாண்டினால் அந்த ரைடு தோல்வி, மீதி எவ்வளவு நன்றாகப் போனாலும் சரி. குழு ரைடு மாதத்துக்கு ஒன்று. இதைக் குழுவில் சொன்னதும் ஒரு சின்னப் பெண், எப்போதும் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவள், "அக்கா, எங்களைக் கழட்டி விடுறீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் காற்று மறைப்பு. சமாதானப்படுத்த நேரமானது. அதைவிட எனக்கே அது லேசான விஷயமில்லை. ஞாயிறு காலை அந்த அரட்டைக்காகத்தான் பாதி நாள் எழுந்திருக்கிறேன்.

வயிறு: இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். வயிறும் குடலும் தசை மாதிரிதான், பழக்கினால் பழகும். குளுக்கோஸ் குடலுக்குள் போக ஒரு வாசல், ஃபிரக்டோஸ் போக வேறு வாசல். குளுக்கோஸ் வாசலில் மணிக்கு 60 கிராமுக்கு மேல் நெரிசல். இரண்டையும் கலந்தால் இரண்டு வாசலும் திறக்கும், 90 வரைகூடப் போகலாம் என்கிறார்கள். முன்னணி வீரர்கள் அதையும் தாண்டிப் போகிறார்கள், அது எனக்கு வேண்டாத ஆசை. என் திட்டம் 40-ல் தொடங்கி, இரண்டு தனி ரைடுக்கு ஒரு முறை 5 கிராம் கூட்டி, 70-ல் நிறுத்துவது. வாட்ச்சில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம். அலாரம் அடித்தால் பசி, ருசி, மேடு, பள்ளம் எதையும் கேட்காமல் கை பெட்டிக்குள் போக வேண்டும். கூடவே வியர்வைக் கணக்கு: ரைடுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குடித்ததைச் சேர்த்தால் மணிக்கு எவ்வளவு இழக்கிறேன் என்று தெரிந்துவிடும். வெயில் நாளிலும் குளிர்ந்த நாளிலும் தனித்தனியாக. போன வருடம் ஒரு தடவைகூட இதைச் செய்யவில்லை என்பதை என் தொழிலில் இருக்கிற யாரும் நம்ப மாட்டார்கள்.

பாதித் தூரப் பந்தயத்துக்கு நேர இலக்கே கிடையாது. சைக்கிளிலிருந்து இறங்கும்போது பெட்டி காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இருந்தால் தேர்வு, இல்லாவிட்டால் 14 வாரத்தில் சரிசெய்ய ஒரு பாடம் பாக்கி.

நீச்சலில் வேகம் எனக்குப் பிரச்சினையே இல்லை, திசைதான். 3.8 கிலோமீட்டர் பாதையில் வாட்ச் காட்டியது 4,180 மீட்டர். தண்ணீருக்குள் வாட்ச் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், பாதியைத் தள்ளுபடி செய்தாலும் 190 மீட்டர் வெட்டியாக நீந்தியிருக்கிறேன், என் வேகத்துக்கு நாலு நிமிடம். 38 வயதில் குளத்தில் நீச்சல் கற்றவள் நான். அடியில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்தே பழகிவிட்டது. கோடு இல்லாத இடத்தில் வலது பக்கம் இழுக்கிறேன். இனி குளத்திலும் எட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பாதைக்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாள். நீண்ட ஓட்டம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. மெதுவான ஓட்டத்துக்கு நான் பிடித்துக்கொண்டிருப்பது பயிற்சியாளர் ஃபில் மாஃபெட்டோனின் பழைய வாய்ப்பாடு: 180-லிருந்து வயதைக் கழி, அந்த இதயத்துடிப்பைத் தாண்டாதே. எனக்கு வயது 46, ஆகவே 134. இது எல்லோருக்கும் துல்லியமாகப் பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அயர்ன்மேன் வீரர் மார்க் ஆலன் இந்த முறையில் பயிற்சி எடுத்தவர். ஹவாயில் ஆறு தடவை தோற்றுவிட்டு 1989-ல் டேவ் ஸ்காட்டை 58 விநாடியில் ஜெயித்தார். நாள் முழுக்க இருவரும் தோளோடு தோள், கடைசி மலையேற்றத்தில்தான் பிரிந்தார்கள். அதையும் சேர்த்து மொத்தம் ஆறு பட்டம். 134 துடிப்பில் இப்போது எனக்குக் கிலோமீட்டருக்கு 7:05. இதை 6:40 ஆக்கினால் போதும்.

இந்த 7:05-ஐ எழுதும்போதுதான் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. 4:30 மராத்தான் என்றால் கிலோமீட்டருக்கு 6:24. போன வருடமும் என் மெதுவான ஓட்டம் ஏறக்குறைய 7:05 என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஏழு மணி நேரம் சைக்கிள் மிதித்த பிறகு 6:24-ல் ஓடுவேன் என்று எந்த வரவை நம்பி எழுதினேன்? தனியாக ஓடிய ஒரு மராத்தானில் 4:05 வந்தது, அதோடு 25 நிமிடம் சேர்த்திருக்கிறேன். ஏன் 25? 13 வருவதற்காக. மொத்தத்தை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற மாதிரி உருப்படிகளை நிரப்பியிருக்கிறேன். இதை வேறு யாராவது செய்திருந்தால் அதற்கு எங்கள் தொழிலில் வேறு பெயர்.

வலுப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு, நாற்பது நிமிடம். இந்த வயதில் தசையும் எலும்பும் தானாக நிற்காது, மாதவிடாய் நிற்கப்போகிற காலத்தில் இன்னும் நிற்காது. இரவில் வியர்த்து எழுந்துகொள்கிற வாரங்களில் கடினப் பயிற்சியை நகர்த்திக்கொள்ளலாம் என்று எழுத்திலேயே போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் குற்ற உணர்ச்சியில் செய்துவைப்பேன்.

நேர இலக்கே வைக்கக் கூடாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஜப்பானின் ஹிரோமு இனாடா 2015-ல் 82 வயதில் ஹவாயில் ஓடி, 17 மணி நேரத்தை ஐந்து விநாடியில் தவறவிட்டார். 17 மணி 0 நிமிடம் 5 விநாடி. கணக்கில் அவர் முடிக்கவில்லை. அடுத்த வருடம் 83-ல் வந்து முடித்தார். 2018-ல் 85 வயதில் 16:53:49. அந்த ஐந்து விநாடியை நான் அடிக்கடி நினைப்பேன். எண் இல்லையென்றால் அவர் எதற்காகத் திரும்பி வந்திருப்பார்? என் சண்டை எண்ணோடு இல்லை, அதை முதல் பக்கத்தில் எழுதுவதோடுதான். இந்த வருடம் கடைசிப் பக்கத்தில், பென்சிலில் எழுதியிருக்கிறேன். நீச்சல் 1:25, டிரான்சிஷன் 15, சைக்கிள் 6:40, ஓட்டம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் வீதம் 4:55.

வீட்டுக்காரர் நோட்டை எடுத்துப் புரட்டினார். அவருக்கு எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும்.

"13:15-ஆ? போன வருஷம் 13-ன்னுதானே போட்டிருந்த? இந்த வருஷம் மெதுவாப் போகப்போறியா?"

"போன வருஷம் வந்தது 14:11. அதைவிட 56 நிமிஷம் கம்மி."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு பக்கம்?"

பதில் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருந்த பழைய தாளைக் கிழித்தேன், பசை கொஞ்சம் கதவிலேயே நின்றுவிட்டது.

நேற்று முதல் தனி ரைடு. மழை தூறியதால் வெளியே போகாமல், வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி மிதிக்கிற டர்போ டிரெய்னரில், சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம். மணிக்கு 40 கிராம் என்றால் 120, ஐந்து ஜெல்லில் 125 இருக்கிறது. வேறு எதையும் எடுத்துவைக்கவில்லை. அந்தப் பழைய ஐந்தையே பெட்டியில் போட்டுச் சைக்கிளில் மாட்டினேன். ஏறியதும் அரை ஜெல், பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம், அடித்ததும் அரை ஜெல், மூலையில் கிழித்து, மடக்கிப் பிடித்து, மறு அலாரத்துக்கு மீதி. கை பிசுபிசுவென்று ஆகிவிட்டது, ஹேண்டில்பாரெல்லாம் ஒட்டியது. மூன்றாவது ஜெல் ருசி சகிக்கவில்லை, இருந்தாலும் போனது. இரண்டு மணி இருபது நிமிடத்தில் மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசி அலாரத்தில் ஐந்தாவதன் மீதிப் பாதி. பெட்டி காலி.

இறங்கி, துடைத்துக்கொண்டு, பதிவைப் பார்த்தேன். மூன்று மணி நேரச் சராசரி 121 வாட். முதல் ஒரு மணி நேரம், 129. தோல்வி என்று நோட்டில் எழுதித் தேதி போட்டேன்.